நிறமாலைக் கோடுகளை எங்கிருந்து பெறுவது: மூன்று வழிகளும் என் தேர்வும்

ஆல்மா என்னும் ரேடியோ தொலைநோக்கியின் 84 முதல் 116 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைப்பட்டைத் தரவுகளில் மூலக்கூறுகளை இனங்காணும் எங்கள் மென்பொருளைப் புதுப்பித்தபோது, நிறமாலைக் கோடுகளை, அதாவது ஒவ்வொரு மூலக்கூறும் கதிர்வீசும் தனித்தனி அதிர்வெண்களின் தரவை, எவ்வழியாகப் பெறுவது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. கொலோன் பல்கலைக்கழகத்தின் சிடிஎம்எஸ், நாசாவின் ஜேபிஎல் ஆகிய பட்டியல்களின் கோப்புகளை நேரடியாக இறக்கிப் படிக்கலாம். அவற்றையும் வேறு சிலவற்றையும் திரட்டித் தரும் ஸ்பிளாட்டலாக் தரவுத்தளத்தை ஆஸ்ட்ரோகுவெரி என்னும் பைத்தான் நிரலகம் வழியாக வினவலாம். அல்லது பல தரவுத்தளங்கள் ஒரே நெறிமுறையில் விடையளிக்கும் விஏஎம்டிசி கட்டமைப்பைப் பயன்படுத்தலாம். நான் மூன்றாவதைத் தேர்ந்தேன்.

கண்ணில் பட்ட ஒரு கோடு எந்த மூலக்கூறுக்குரியது என்று உடனே பார்க்க ஸ்பிளாட்டலாக் மிக வசதியானது. ஆனால் அது ஒரு திரட்டு என்பதால், கார்பன் மோனாக்சைடின் 115271.2018 மெகாஹெர்ட்ஸ் கோடு மூலப்பட்டியலுக்கு ஒன்றாகப் பலமுறை வரும். எதை ஏற்பது என்பதை நம் நிரலே முடிவுசெய்ய வேண்டும்.

நேரடிக் கோப்புகளின் சிக்கல் பராமரிப்பில்தான் இருக்கிறது, என் முடிவையும் அதுவே தீர்மானித்தது. சிடிஎம்எஸ், ஜேபிஎல் கோப்புகளில் ஒரு வரிக்கு ஒரு கோடு. முதல் 13 இடங்கள் அதிர்வெண், அடுத்த 8 இடங்கள் அதன் பிழை, அடுத்த 8 இடங்கள் 300 கெல்வினில் கணித்த செறிவின் மடக்கை. பார்வைக்கு எளிமைதான். ஆனால் மூலக்கூறின் ஆற்றல் நிலையைக் குறிக்கும் குவாண்டம் எண் ஒவ்வொன்றுக்கும் இரண்டே இடங்கள் என்பதால் 100 என்பது ‘ஏ0’ என ஆங்கிலப் பேரெழுத்தோடு எழுதப்படும். சிற்றெழுத்து வந்தால் அது எதிர்மறை எண். மூலக்கூறின் அடையாள எண் எதிர்மறையாக இருந்தால், அந்த அதிர்வெண் ஆய்வகத்தில் அளக்கப்பட்டது என்று பொருள். இவற்றில் எதுவும் கோப்புக்குள் விளக்கப்படுவதில்லை. நான் எழுதிய நிரல் அந்த எழுத்துகள் வந்த வரிகளைப் பிழையானவை எனக் கருதிக் கைவிட்டதை, கனமான மூலக்கூறுகளின் உயர்நிலைக் கோடுகள் காணாமற்போன பிறகே கண்டுபிடித்தேன். இத்தகைய நிரலை ஒவ்வோர் ஆய்வுக் குழுவும் தனித்தனியே எழுதித் தனித்தனியே திருத்துவது பெரும் உழைப்பு விரயம்.

விஏஎம்டிசி தரும், எக்ஸ்எம்எல் அடிப்படையிலான எக்ஸ்சாம்ஸ் வடிவக் கோப்பில் அளவுகள் தத்தம் அலகோடும் மேற்கோளோடும் வருகின்றன. மெத்தில் ஃபார்மேட், அசிட்டிக் அமிலம், கிளைக்கால்டிஹைடு ஆகிய மூன்றுக்கும் மூலக்கூற்று நிறை 60தான். நிறையை வைத்துத் தொடங்கும் பழைய அடையாள எண்களில் மூன்றும் 60 என்றே தொடங்கும், மூலக்கூறின் கட்டமைப்பிலிருந்து உருவாக்கப்படும் இன்ச்சிகீ அடையாளத்திலோ ஐயத்துக்கு இடமில்லை. செய்த வினவலுக்கு நிலையான அடையாளம் பெற்றுக் கட்டுரையில் மேற்கோள் காட்டும் வசதியும் உண்டு. பட்டியல் பின்னாளில் திருத்தப்பட்டாலும் நாம் எந்தத் தரவைக் கொண்டு கணக்கிட்டோம் என்பது பதிவில் நிற்கிறது.

குறைகளும் உண்டு. வினவலில் அலைநீளத்தை ஆங்ஸ்ட்ராமில் தர வேண்டியிருப்பதால், 2.6 மில்லிமீட்டர் கோட்டுக்கு 2.6 கோடி ஆங்ஸ்ட்ராம் என்று எழுத நேர்கிறது. எக்ஸ்எம்எல் கோப்புகள் பருமனானவை. ஒரே மூலக்கூறின் வெவ்வேறு அதிர்வு நிலைகளை இன்ச்சிகீ வேறுபடுத்துவதில்லை என்பதால் அதற்குத் தனிச் சரிபார்ப்பு எழுதினேன். நான் பழகியது மூலக்கூற்றுக் கோடுகளோடு மட்டுமே; விஏஎல்டி, கியாண்டி போன்ற அணுத் தரவுத்தளங்களுக்கும் இந்த முடிவு பொருந்தும் என்று என் அனுபவத்தைக் கொண்டு சொல்ல இயலாது. இரண்டு மூன்று மூலக்கூறுகளை மட்டும் ஆராய்பவருக்கு நேரடிக் கோப்புகளே போதும்.