பழைய படகு டிரெயிலர்: பெயின்ட்டா, பவுடர் கோட்டிங்கா, துத்தநாகக் குளியலா?

கனடாவின் ஒண்டாரியோவில் ஒரு பண்ணைக் கொட்டகையில் 14 அடிப் படகோடு சேர்த்து வாங்கிய டிரெயிலர் இது. தயாரிப்பாளரின் தகடு இருந்த இடத்தில் நான்கு ரிவெட் துளைகள்தான் மிச்சம். யார் செய்த டிரெயிலர் என்று கண்டுபிடிப்பதிலேயே ஒரு குளிர்காலத்தைச் செலவழித்தேன். அது தப்பில்லை. ஆனால் முதலில் பார்த்திருக்க வேண்டியது வேறு: பிரேம் ஒரு பக்கம் திறந்திருக்கும் சேனல் இரும்பா, மூடிய குழாயா? எந்தப் பூச்சு என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

அடையாளம் காண்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டியை அடையாளம் காட்டும் 17 இலக்க எண் (VIN) அமெரிக்காவில் 1981 மாடலில் இருந்துதான் வந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் போக்கில் எண் போட்டது. இந்தியானாவின் எவன்ஸ்வில்லில் ஹோல்ஸ்கிளா, ஓஹாயோவின் யங்ஸ்டவுனில் டீ-நீ என்று பல பெயர்கள் உண்டு. தகடு இல்லாவிட்டால் முன்பக்க இழுவை பீமைச் சுரண்டிப் பாருங்கள், அங்கே எண் குத்தியிருக்கலாம். டிரெயிலரை வண்டியோடு மாட்டும் கப்ளரை வைத்து வயதைக் கணிக்காதீர்கள். பாதிப் பேர் அதை மாற்றியிருப்பார்கள். பேரிங்கில் 'எல்44643' என்று இருந்தால் கவலையில்லை. 1 அங்குல அச்சுக்கான அந்த அளவு இன்றும் சுலபமாகக் கிடைக்கிறது.

சரி, பூச்சுக்கு வருவோம். திறந்த சேனல் பிரேம் என்றால் சாதாரண பெயின்ட்டே போதும். துருவை எடுத்து, எபாக்சி பிரைமர் அடித்து, மேலே பெயின்ட். மூலைமுடுக்கெல்லாம் கை எட்டும், சிராய்ப்பு விழுந்தால் அன்றைக்கே தொட்டு அடித்துவிடலாம்.

என்னுடையது மூடிய குழாய். அழகைப் பார்த்து பவுடர் கோட்டிங் (பொடியைத் தெளித்துச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு) கொடுத்தேன், வந்தபோது புதுசு போலவே இருந்தது. மூன்றாவது குளிர்காலம் முடிந்து பார்த்தால் வெல்டு ஓரங்களில் கொப்புளம். நகத்தால் கீறினேன், ஒரு பட்டையாகவே உரிந்து வந்தது, கீழே ஈரத்துரு. கல் தெறித்து ஒரு புள்ளி உடைந்தால் போதும், சாலையில் போடும் உப்பு பூச்சுக்கு அடியில் ஊர்ந்து போகிறது. அதைவிட மோசம் குழாயின் உட்புறம். படகை இறக்கும்போதெல்லாம் போல்ட் துளை வழியே தண்ணீர் உள்ளே போகிறது, வெளியிலிருந்து தெளிக்கும் பவுடரோ அங்கே எட்டுவதில்லை.

அதனால்தான் மறுபடி எல்லாவற்றையும் கழற்றி துத்தநாகத்தில் முக்கினேன். சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகம் குழாயின் உள்ளேயும் புறமும் ஓடி, இரும்போடு சேர்ந்து ஒரு கலவைப் படலமாகவே ஆகிவிடுகிறது. கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. தொட்டு அடிக்கும் வேலையே இல்லை.

ஆனால் தயாரிப்பில் அவசரம் கூடாது. மூடிய ஒவ்வொரு பகுதிக்கும் இரு முனைகளிலும் துளை போட வேண்டும். உள்ளே ஈரமோ காற்றோ சிக்கினால் அந்தச் சூட்டில் குழாய் வெடிக்கும். எங்கே, எத்தனை துளை என்பதை முக்கும் ஆட்களிடமே கேளுங்கள். முக்குவதற்கு முன் துருவை எடுக்கக் கொடுக்கும் அமிலக் குளியல் பெயின்ட்டைக் கரைக்காது, ஆகவே மணல் வீச்சில் பழைய பூச்சு முழுவதும் போக வேண்டும். அறுபதுகளின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், சோதிக்காமல் வீட்டு முற்றத்தில் சுரண்டாதீர்கள். வெல்டிங் வேலை எதுவானாலும் முன்பே முடித்துவிடுங்கள். பிறகு பற்றவைத்தால் துத்தநாகப் புகை உடம்புக்குக் கெடுதல். ஸ்பிரிங்கை முக்காதீர்கள், அமிலம் பட்ட ஸ்பிரிங் இரும்பு நொறுங்கலாம். நான் புதிதாக வாங்கிப் போட்டேன்.

நான் படகு விடுவது சிம்கோ ஏரியில், நன்னீரில். முக்கி நான்கு குளிர்காலம் ஆகிறது, துரு இல்லை. கடலில் இறக்குபவர்களுக்கு என் அனுபவத்தை அப்படியே பொருத்திச் சொல்ல மாட்டேன். எதுவானாலும் உப்புத் தண்ணீர் பட்டால் அன்றே கழுவிவிடுங்கள்.

எனக்கு இதில் ஒரே வருத்தம் நிறம்தான். சாம்பல் பிரேமைப் பார்த்தால் பழைய டிரெயிலர் என்று யாருக்கும் தோன்றாது. மட்கார்டு மெல்லிய தகடு, சூட்டில் வளைந்துவிடும் என்று அதை மட்டும் முக்காமல் வைத்திருந்தேன். அதன் பிராக்கெட்டுக்கு அடியில் வெயில் படாமல் பழைய வெளிர்நீலம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அந்தத் துண்டைக் கடைக்குக் கொண்டுபோய் நிறம் பொருத்தி, மட்கார்டுக்கும் சக்கர ரிம்முக்கும் அதையே அடித்தேன்.