35 என்று அச்சடித்தால் 35 ஆகிவிடுமா?

பேட்டரிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ரெடிமேட் கேபிள் செட். ஆறு துண்டு, ஒவ்வொன்றும் 30 செ.மீ., உறைமேல் '35 சதுர மி.மீ., சுத்தச் செம்பு' என்று அச்சு; உள்ளே மின்சாரம் ஓடும் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு அது. ஒரு நட்சத்திரம் தருகிறேன், அதுவும் முனையில் இருக்கும் லக்குகளுக்காக (பேட்டரியில் மாட்டும் உலோக வளையங்கள்).

என் கேம்பர் வேனில் நான்கு 12 வோல்ட் லித்தியம் பேட்டரி, பேரலலில் (ப்ளஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ்). இன்வெர்ட்டர் 2000 வாட். 2000ஐ 12ஆல் வகுத்தால் 167 ஆம்ப். இன்வெர்ட்டர் தானே விழுங்குவதையும் சேர்த்தால் 190 பக்கம் வரும். நான்காகப் பிரிகிறதே, ஆளுக்கு ஐம்பதுகூட வராது, 35 தாராளம் என்று கணக்குப் போட்டேன். அங்கேதான் சறுக்கினேன். பின்னால் இருக்கும் மூன்று பேட்டரியின் மின்சாரமும் முதல் இணைப்பு வழியாகத்தான் வந்தாக வேண்டும். இன்வெர்ட்டருக்குப் ப்ளஸ், மைனஸ் இரண்டையும் முதல் பேட்டரியிலேயே எடுத்தது என் இன்னொரு தப்பு.

இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுத் தொட்டேன். முதல் கேபிள் சுட்டது, கடைசி கேபிளில் சூடே இல்லை. கேபிளைக் கவ்வி ஆம்ப் அளக்கும் கிளாம்ப் மீட்டரில், நான்கு பேட்டரியும் தருவது வரிசையாக 74, 47, 33, 26 ஆம்ப். முதல் பேட்டரி மாடாய் உழைக்க, நான்காவது வேடிக்கை பார்த்திருக்கிறது.

மல்டிமீட்டரை முதல் கேபிளின் இரண்டு லக்கிலும் வைத்தால், கேபிளிலேயே வீணாவது 53 மில்லிவோல்ட். நிஜமான 35 செம்பு என்றால், பின்னால் இருக்கும் மூன்றும் சேர்ந்து அதில் அனுப்பும் 106 ஆம்புக்கு (47+33+26) 16தான் வரணும். எடை போட்டேன். அந்த நீளத்துக்குச் செம்பு மட்டுமே 94 கிராம் இருக்கணும்; இது உறை, லக் எல்லாம் சேர்த்து 80கூட இல்லை. அறுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ரப்பர். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினேன், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம்! கடத்துவதில் செம்பில் அறுபது சதவீதம்தான் தேறும். இழைகளை எண்ணிப் பெருக்கினால் பரப்பும் 16 சொச்சம்தான். என் பியூஸ் 250 ஆம்ப். அளவுக்கு மீறிய சுமை நீண்ட நேரம் ஓடியிருந்தால், பியூஸ் போவதற்குள் இந்த ஒயர் பற்றியிருக்கலாம்.

இப்போது எல்லாமே 70 சதுர மி.மீ. மெல்லிழைச் செம்பு, ஒரே நீளம், லக்கை ஹைட்ராலிக் கருவியால் நசுக்கி இறுக்கியது. இன்வெர்ட்டருக்குப் போகும் கேபிளும் அதே 70. ஏதாவது பேட்டரியின் பிஎம்எஸ் (உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) கட் ஆனால் மீதிப் பேட்டரிகள்மேல் சுமை ஏறும், அதனால் இணைப்பில் மட்டும் மிச்சம் பிடிக்கவில்லை. ப்ளஸ் முதல் பேட்டரியில், மைனஸ் நான்காவதில். அதே அடுப்புக்கு 47, 44, 43, 46.

விற்றவர்களிடம் கேட்டேன். 35 என்பது மேலுறையையும் சேர்த்து என்றார்கள். ரப்பரில் எப்போதிலிருந்து மின்சாரம் ஓடுகிறது என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.