வோஸ்வியூவர்: துறை தாண்டும் ஆய்வைப் பார்க்க ஒரு இலவச மென்பொருள்

ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் விஞ்ஞானிகள் எந்த அளவுக்குத் துறை தாண்டி ஆய்வு செய்கிறார்கள் என்று மதிப்பீட்டுக் குழு கேட்டால், அந்தக் கோப்பு என் மேசைக்குத்தான் வரும். நாலு வருஷமாக இதற்கு நான் எடுப்பது வோஸ்வியூவரை. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் நீஸ் யான் வான் எக், லூடோ வால்ட்மன் இருவரும் உருவாக்கியது. காசு கிடையாது.

ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளங்களிலிருந்து கட்டுரை விவரங்களை இறக்கிக் கொடுத்தால், குறிச்சொற்களை வட்டங்களாகப் போட்டுக் காட்டும். அடிக்கடி சேர்ந்து வரும் சொற்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கூட்டத்துக்கு ஒரு நிறம்.

நிலத்தடி நீரில் ஃபுளோரைடைப் பற்றி ஆராயும் குழுவுக்கு முதலில் வரைந்தபோது மனசு கஷ்டப்பட்டது. நீரியல் ஒரு தீவு, பல்நோய் இன்னொரு தீவு. வருஷக்கணக்கில் சேர்ந்து உழைப்பவர்கள் அவர்கள். பிறகுதான் கவனித்தேன்: ஒரு சொல் குறைந்தது 5 தடவை வந்தால்தான் ஏறும் என்று அமைப்பு இருந்தது. அதை 2 ஆக்கியதும், கிணற்று ஆழமும் பற்கறையும் நடுவில் வந்து இரண்டு தீவையும் கோத்தன. துறைகளை இணைக்கும் சொற்கள் புதியவை, எண்ணிக்கையில் குறைந்தவை. வடிகட்டியில் முதலில் விழுவதும் அவைதான். ‘கிரவுண்ட்வாட்டர்’ என்று சேர்த்தும் பிரித்தும் எழுதியிருந்ததால் ஒரே தண்ணீருக்கு இரண்டு வட்டம் வேறு. எந்தச் சொல்லுக்குப் பதில் எந்தச் சொல் என்று ஒரு பட்டியல் கோப்பு தயாரித்துக் கொடுத்தால் சரியாகிவிடும். எனக்கு ஒரு மதியம் முழுக்கப் பிடித்தது, அதைத் தவிர்க்காதீர்கள்.

குறை என்றால் முக்கியமாக ஒன்று. ஒரு வட்டத்துக்கு ஒரே நிறம்தான். இரண்டு பக்கமும் சொந்தமான சொல்லையும் ஒரு பக்கம் தள்ளிவிடும். நமக்கு வேண்டியதே அந்தச் சொல்தான்!

துறைக்கலப்புக்கு மதிப்பெண்ணும் இது தராது. அதற்கு ராவ்–ஸ்டிர்லிங் அளவைத் தனியே கணக்கிட வேண்டும். நம் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் 1982இல் தந்த சூத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. எத்தனை துறை, எவ்வளவு சமமாக, ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவு என மூன்றையும் பார்க்கும். இயற்பியலும் வானியலும் சேர்வதும், இயற்பியலும் சமூகவியலும் சேர்வதும் ஒன்றாகிவிடாது. ஆனால் வெப் ஆஃப் சயின்ஸின் துறைப் பிரிவு இதழுக்குத்தான், கட்டுரைக்கு இல்லை. அதை வைத்துக் கணக்கிட்ட எண்ணை மட்டும் பார்த்து ஒரு குழுவின் நிதியை முடிவு செய்வதை நான் ஏற்க மாட்டேன்.

இப்போதெல்லாம் அறிக்கையில் 5க்கு ஒரு படம், 2க்கு ஒரு படம் என்று இரண்டையும் வைத்து, கீழே அமைப்பையும் எழுதிவிடுகிறேன். அதற்கு முன் அந்தக் குழுவையே திரைமுன் உட்காரவைத்து, “இந்த வட்டம் இங்கே இருப்பது சரியா?” என்று கேட்டுக்கொள்கிறேன்.