பிரீ-பேக் விற்பனையில் மதிப்பீட்டாளர் அறிக்கை: கடன் கொடுத்தவருக்கு எவ்வளவு உதவும்?

நொடித்துப்போன கம்பெனியின் இயந்திரம், சரக்கு, பெயர், வாடிக்கையாளர் பட்டியல் எல்லாம் பழைய இயக்குநரின் புதிய கம்பெனிக்கு ஒரே நாளில் கைமாறும். கடன் மட்டும் பழைய கூட்டிலேயே தங்கிவிடும். முன்கூட்டியே பேசி முடிப்பதால் பிரிட்டனில் பிரீ-பேக் எனப்படும் இந்த விற்பனைக்கு 2021 ஏப்ரல் 30 முதல் ஒரு கடிவாளம் இருக்கிறது. திவால் நிர்வாகி பொறுப்பேற்ற முதல் 8 வாரத்துக்குள் சொத்து முழுவதுமோ கணிசமான பகுதியோ உள்ளாட்களுக்கு (இயக்குநர், அவரோடு தொடர்புடையவர்கள்) போவதானால், கடன் கொடுத்தவர்கள் ஒப்புதல் தர வேண்டும். இல்லையேல் தனி மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். ஒப்புதலுக்குக் காத்திருந்தால் அதற்குள் தொழிலாளிகளும் வாடிக்கையாளர்களும் கலைந்துவிடுவார்கள். அதனால் பெரும்பாலும் அறிக்கைதான்.

2015இல் வந்த பிரீ-பேக் பூல் என்ற, தனி நிபுணர்கள் விற்பனையைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் ஏற்பாட்டில் விருப்பமிருந்தால் போகலாம் என்று விட்டிருந்தார்கள், பலர் போகவில்லை. இப்போது கட்டாயம். அந்த வகையில் இது நல்ல முன்னேற்றம்.

ஆனால் ஓட்டைகள் பெரியவை. அறிக்கைக்குப் பணம் தருவது வாங்குபவர். மதிப்பீட்டாளருக்குத் தொழில் காப்பீடு கட்டாயம், குறிப்பிட்ட பட்டம் கட்டாயமில்லை. போதிய அனுபவம் இருப்பதாக அவரே நம்பினால் போதும். ‘விலை நியாயமாக இல்லை’ என்று அவர் எழுதினாலும் விற்பனை நிற்காது, நிர்வாகி காரணம் சொல்லிவிட்டு விற்கலாம். ஒரு பாதுகாப்பு உண்டு: முன்பே வேறொருவரிடம் வாங்கிய அறிக்கையை மறைக்க முடியாது.

அதனால் தீர்ப்பு வரியை விட்டுவிட்டு, எந்த ஆதாரத்தை வைத்து எழுதினார் என்பதைப் படியுங்கள். விலையில்தான் சூட்சுமம். 1,00,000 பவுண்டு என்று போட்டிருக்கும். முதல் நாள் 20,000, மீதி 24 மாதத் தவணை என்றால், அந்தத் தொழிலின் வருமானத்திலேயே அதற்கு விலை கட்டுகிறார்கள் என்று பொருள். புதிய கம்பெனியும் சரிந்தால் தவணை போச்சு. இயக்குநரின் சொந்த ஜாமீனோ சொத்து ஈடோ இருக்கிறதா என்று பாருங்கள். நற்பெயருக்கு (goodwill) 1 பவுண்டு போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். வெளியாருக்கு எத்தனை நாள் விளம்பரம் செய்தார்கள், யாருக்குத் தகவல் போனது என்பதும் முக்கியம். இயக்குநர் கம்பெனிக்குத் தர வேண்டிய கடன் விலைக்குள் கரைந்துவிட்டதா என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை.

விற்பனை முடிந்த 7 நாளுக்குள் நிர்வாகியின் விளக்கக் குறிப்பு வர வேண்டும். மதிப்பீட்டாளர் அறிக்கை, அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று நிர்வாகி 8 வாரத்துக்குள் அனுப்பும் முன்மொழிவோடு சேர்ந்து வரும். கம்பெனிப் பதிவகத்துக்கும் போகும். குறிப்பையும் அறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எண்கள் முட்டினால் உடனே நிர்வாகிக்கு எழுத்தில் கேளுங்கள். இயக்குநர்களின் நடத்தை பற்றி 3 மாதத்துக்குள் அவர் அரசுக்கு அறிக்கை தர வேண்டும். உங்கள் கடிதம் அதற்கு முன்பே அவர் கையில் இருக்கட்டும்.