வல்லாரைக் களிம்பா, புல்பைன் ஜெல்லா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடைகளில் வல்லாரைக் களிம்பையும், புல்பைன் என்ற சதைப்பற்றுச் செடியின் இலை ஜெல்லையும் பார்த்தால், தழும்புக்கும் மேல்தோல் மூடிவிட்ட புண்ணுக்கும் வல்லாரைக் களிம்பையே எடுப்பேன். அதிலுள்ள ஏஷியாட்டிகோசைடு என்ற பொருள், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதத்தின் உற்பத்தியைத் தூண்டும். டப்பாவில் சாற்றின் அளவு போடவில்லையா, வாங்கவே வேண்டாம்.

கொப்புளம் எழாத சிறு தீக்காயத்துக்குப் புல்பைன் ஜெல் அருமை. ஆனால் முதலில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர், பிறகுதான் ஜெல். வீட்டுச் செடி என்றால் இலையைக் கழுவி, பிழிந்த உடனே பூசுங்கள். எடுத்துவைத்தால் கிருமி சேரும். மெல்லிய பூச்சு, நாளுக்கு 2 தடவை போதும். அப்பிக் கட்டினால் சுற்றுத்தோல் ஊறி வெளுத்து, புண் ஆறத் தாமதமாகும்.

நாய்க்கடிக்கு இரண்டும் கூடாது. 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே கிளினிக்கில் ரேபிஸ் தடுப்பூசி போடுங்கள். சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கும் நேரே மருத்துவர்தான்.