வேர்டில் ஃபில்டரா, எக்செல்லில் தனி ஷீட்டா?

பாம்பன், மண்டபம், தொண்டி மீனவர்களின் பெயர்களெல்லாம் ஒரே எக்செல் கோப்பில் இருக்கின்றன. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் முன், வேர்டின் மெயில் மெர்ஜ் (ஒரே கடிதத்தை ஒவ்வொருவர் பெயரிலும் அச்சடிக்கும் வசதி) மூலம் பாம்பன்காரர்களுக்கு மட்டும் கடிதம் போக வேண்டும். எக்செல்லில் ஃபில்டர் போட்டு மற்ற ஊர் வரிகளை மறைத்தால் போதுமென்று நினைத்து, ஒருமுறை தொண்டிக்கும் சேர்த்து அச்சடித்துவிட்டேன். அங்கே மறைத்த வரிகளையும் வேர்டு எடுத்துக்கொள்ளும்.

வேர்டின் பெறுநர் பட்டியலிலேயே ஃபில்டர் போடுவது விரைவு. ஆனால் பாம்பன், மண்டபம் இரண்டும் வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகளுக்கும் நடுவில் ‘ஆர்’ (Or, அல்லது) கொடுக்க வேண்டும். ‘அண்ட்’ (And, மற்றும்) என்றே விட்டால் ஒரு பெயர்கூட வராது. வேர்டு கோப்பை மறுபடி திறக்கும்போது எஸ்க்யூஎல் கட்டளையை (பட்டியலிலிருந்து பெயர்களை எடுக்கும் கட்டளை) இயக்கலாமா என்று கேட்கும். ‘நோ’ அழுத்தினால் பட்டியலோடு தொடர்பே அறுந்துவிடும்.

தனி ஷீட்டுக்கு நகலெடுப்பது கூடுதல் வேலைதான். சரி, யாருக்குப் போகிறதென்று கண்முன்னே தெரியுமே! வருடத்துக்கு ஒரு கடிதமென்றால் இதுதான் என் வழி. மாதாமாதம் என்றால் வேர்டு ஃபில்டர்.