மழைச் சுட்டெண் காப்புறுதி: நெல்லுக்குச் சரி, வெங்காயத்துக்கு யோசியுங்கள்

முதலே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில், தென்மராட்சியில் வானத்தை நம்பி நெல் விதைக்கிறவருக்கு இந்தக் காப்புறுதி பிரயோசனமானது, வலிகாமத்தில் கிணற்றுத் தண்ணீரில் வெங்காயம் வைக்கிறவர் கையெழுத்துப் போட முன் கணக்குப் பார்க்க வேண்டும். நான் வெங்காயக்காரன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

நல்ல விஷயம், தோட்டம் பார்க்க ஆள் வரத் தேவையில்லை. வானிலை நிலையத்தில் பதிவான மழை, அதுதான் சுட்டெண், குறித்த அளவைத் தாண்டினால் காசு, அவ்வளவுதான், யாரோடும் மல்லுக்கட்டத் தேவையில்லை.

கோளாறு எதை அளக்கிறார்கள் என்பதில். ஒப்பந்தத்தில் இருப்பது மாத மொத்த மழை. வானத்தை நம்பின நெல்லுக்கு அது ஓரளவு பொருந்தும், வெங்காயத்துக்குப் பெரிதாக ஒன்றும் சொல்லாது: 300 மில்லிமீற்றர் மாதம் முழுக்கப் பரவிப் பெய்தால் செம்பாட்டு மண் இழுத்துவிடும், அதுவே இரண்டு நாளில் கொட்டினால் பாத்தியில் தண்ணீர் நின்று குமிழ் அழுகும். போன மாரியில் நடந்தது அதுதான், மாத மொத்தம் வரம்பைத் தொடவில்லை, ஒரு சதமும் வரவில்லை. தோட்டத்து நட்டத்துக்கும் சுட்டெண்ணுக்கும் இடையிலான இந்தப் பொருத்தமின்மைக்கு அடிப்படை இடர் என்று பெயர். மழைமானி திருநெல்வேலியிலும் தோட்டம் அச்சுவேலியிலும் என்றால் அது இன்னும் கூடும்.

பிரீமியத்தையும் பாருங்கள். உதாரணத்துக்கு, பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும் மழைக்கு 50,000 ரூபா என்றால் சராசரியாக வருடத்துக்கு 5,000, அதற்கு மேல் கேட்பது அவர்களின் செலவும் லாபமும். சரி, கேட்கட்டும். ஆனால் 30 வருடப் பதிவில் அப்படியான மழை மூன்று தரம் அளவில்தான் இருக்கும். அது நான்காக இருந்திருந்தால் அதே 5,000 கிட்டத்தட்ட 6,700 ஆகிவிடும், இரண்டென்றால் 3,300. இவ்வளவு ஆட்டம் காணும் எண்ணை முகவர் கல்வெட்டு மாதிரிக் காட்டுகிறார்!

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், 2008 நவம்பர் நிஷா புயல், 2020 டிசம்பர் புரெவி புயல் என்று உங்கள் தோட்டம் அடிபட்ட வருடங்களை எழுதிக் கொடுத்து, அந்தந்த வருடம் இந்த ஒப்பந்தம் காசு தந்திருக்குமா என்று பழைய மழைப் பதிவை வைத்து நிரப்பித் தரச் சொல்லுங்கள். நட்டம் வந்தும் காசு வராத வருடங்களை எண்ணினாலே பாதி விளங்கிவிடும். எங்கள் முகவர் தலைமையகத்தில் கேட்டுச் சொல்வதாகப் போனவர், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் போலும்.

விலை விழுந்தால் இது ஒன்றும் தராது. அதற்கு நடுகையை இரண்டு மூன்று கிழமை இடைவெளியில் பிரித்துப் போடுவது கொஞ்சம் கைகொடுக்கும், ஒரே நாள் மழையில் எல்லாம் போகாமலும் இருக்கும்.

ஐந்துக்கு இரண்டரை. மாத மொத்தத்துக்குப் பதிலாக இரண்டு நாள் மழையைச் சுட்டெண்ணாக வைத்தால் திரும்பவும் வாங்குவேன்.